விரயம் எனப்படுவது யாது? செயல்பாட்டு மேலாண்மைக் கல்வியில் காலமும் அறமும்

முன்னுரை

ஆள், பொருள், கருவி, காலம் ஆகிய நான்கையும் கொண்டு ஒரு பண்டத்தையோ பணியையோ உருவாக்கி, அதனை வேண்டுவோரிடம் உரிய வேளையில் சேர்ப்பது எவ்வாறு என்பதை ஆராயும் துறை செயல்பாட்டு மேலாண்மை ஆகும். தொழிற்சாலையில் தோன்றிய இத்துறை இன்று மருத்துவமனை, வங்கி, இருப்புப்பாதை, நியாயவிலைக் கடை எனப் பல்வேறு அமைப்புகளுக்கும் விரிந்துள்ளது. இந்தியாவில் இக்கல்விக்கான நிறுவன அடித்தளம் விடுதலைக்கு முன்னும் பின்னுமான சில பத்தாண்டுகளில் இடப்பட்டது. 1931இல் மகலனோபிசு கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1958இல் அமைந்த தேசிய உற்பத்தித்திறன் குழு, 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பெற்ற இந்திய மேலாண்மை நிறுவனங்கள், 1963இல் மும்பையில் உருவான தேசியத் தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனம் ஆகியன அவ்வகையில் குறிப்பிடத்தக்கன. இறுதியாகக் கூறப்பட்டது 2023இல் மும்பை இந்திய மேலாண்மை நிறுவனமாக மாற்றம் பெற்றது.

இத்துறையைக் கற்கப் புகும் மாணவர் முதல் பாடத்திலிருந்தே எதிர்கொள்ளும் சொல் ‘விரயம்’ என்பதாகும். விரயத்தைக் கண்டறிதலும் நீக்குதலுமே மேலாளரின் கடமை என அவருக்குக் கற்பிக்கப்படுகிறது. விரயத்தை எவ்வாறு அளப்பது என்பதற்கு வாய்பாடுகள் உள்ளன. எது விரயம், யாருடைய விரயம் என்னும் வினாக்களுக்கு வாய்பாடு இல்லை. அவை விடை காணப்பட்டுவிட்டன போலவே பாடநூல்கள் தொடங்குகின்றன. விரயத்தை வரையறுப்பது வெறும் கணக்கன்று. யாருடைய காலமும் உழைப்பும் மதிப்புடையவை என்னும் அறத்தீர்ப்பு அதனுள் பொதிந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவ இத்துறை வரலாற்றிலிருந்தும் இந்திய நடைமுறையிலிருந்தும் சில சான்றுகள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வினையின் வகையும் தூய்மையும்

திருக்குறளை மேலாண்மை நோக்கில் அணுகும் ஆய்வுகள் வினைசெயல்வகை, காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல் ஆகிய அதிகாரங்களையே பெரிதும் எடுத்தாள்கின்றன. அவை அரசனையும் அமைச்சனையும் நோக்கிய அறிவுரைகள். அவற்றைத் தொழிற்சாலைக்குரிய விதிகளாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அதிகார வைப்புமுறை ஒரு கருத்தினை உணர்த்துகிறது. பரிமேலழகர் உரைவழி இன்று வழங்கும் முறையில் வினைத்தூய்மை 66ஆம் அதிகாரமாகவும், வினைத்திட்பம் 67ஆம் அதிகாரமாகவும், வினைசெயல்வகை 68ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. செய்யத்தக்க வினைதானா என்னும் ஆராய்ச்சி முதலிலும், அதனை உறுதியுடன் செய்தல் அடுத்தும், செய்யும் வகை அதற்குப் பின்னும் நிற்கின்றன.

இன்றைய செயல்பாட்டு மேலாண்மைக் கல்வி இம்மூன்றனுள் இறுதியானதிலிருந்தே தொடங்குகிறது. வினையின் நோக்கத்தை நிறுவனத்தின் உயர்மட்டம் முடிவு செய்துவிட்டது. மேலாளரின் பொறுப்பு அதனைக் குறைந்த செலவில் நிறைவேற்றுவதே என்பது அதன் உட்கிடை. வகை என்பது அறத்திற்குத் தொடர்பற்ற நடுநிலைக் கருவிதானா என்பதே இங்கு எழும் வினா. வகைக்குள்ளேயே தூய்மை பற்றிய தீர்ப்பு புகுந்துவிடுகிறது என்பதைப் பின்வரும் சான்றுகள் காட்டும்.

டெய்லரின் கணக்கு

இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது பிரடெரிக் வின்சுலோ டெய்லர் 1911இல் வெளியிட்ட ‘அறிவியல்முறை மேலாண்மையின் கோட்பாடுகள்’ என்னும் நூலாகும். பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து சரக்குப் பெட்டியில் ஏற்றும் பணியை அவர் அதில் விளக்குகிறார். ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 12½ டன் ஏற்றிய நிலை மாறி, நிறுத்துக் கடிகாரம் கொண்டு அளந்து வகுத்த முறையால், ‘சிமிட்’ என்னும் புனைபெயரால் சுட்டப்படும் தொழிலாளி 47 டன்னுக்கு மேல் ஏற்றினார் என்பது அவர் தரும் கணக்கு. அத்தொழிலாளியின் நாட்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. இவ்விவரிப்பின் நம்பகத்தன்மை குறித்துப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர் என்பதும் கருதத்தக்கது.

டெய்லரின் கணக்கை அவ்வாறே ஏற்றுக்கொண்டாலும் ஓர் அறவினா எஞ்சுகிறது. பணியின் அளவு ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ 60 விழுக்காட்டளவே உயர்ந்தது. விரயம் நீங்கியதால் விளைந்த மிச்சம் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பதைக் கடிகாரம் கூறவில்லை. டெய்லர் இதனை அறியாதவர் அல்லர். கூலியை அதற்கு மேல் உயர்த்துவது தொழிலாளிக்கே நன்மை தராது என்று அவர் வாதிடுகிறார். அவ்வாதம் அளவீட்டின் முடிவன்று. மனிதர் பற்றிய ஒரு முற்கோள். அறிவியல் என்னும் பெயரின் கீழ் அம்முற்கோளும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டது.

மற்றொன்றும் இங்கு நிகழ்ந்தது. எவ்வாறு செய்வது என்று சிந்திக்கும் பொறுப்பு திட்டமிடுவோரிடம் சென்றது; செய்தல் மட்டும் தொழிலாளியிடம் எஞ்சியது. கைத்தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தொழிலறிவு ஏட்டில் பதிவாகி நிருவாகத்தின் உடைமையாயிற்று. 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் நிறுத்துக் கடிகாரத்தை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் படைத்துறை நிதிச் சட்டங்களின் வாயிலாக அரசுப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்தைத் தடை செய்தது. கருவி ஒன்றைச் சட்டமன்றம் தடுக்க நேர்ந்ததெனில், அக்கருவி நடுநிலையானது என்னும் கூற்று அக்காலத்திலேயே ஏற்கப்படவில்லை எனலாம்.

வரிசையில் மறையும் காலம்

டெய்லர் அளந்தது தொழிலாளியின் காலம். அளக்கப்படாத காலம் ஒன்றும் உண்டு. அது காத்திருப்போரின் காலம். டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் தொலைபேசி இணைப்பகத்தின் நெரிசலை ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரை வரிசைக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இக்கோட்பாடு செயல்பாட்டு மேலாண்மைப் பாடத்திட்டத்தில் தவறாது இடம்பெறுகிறது. அதன் எளிய வடிவம் ஒன்றைக் கொண்டு இப்பகுதியின் கருத்தினை விளக்கலாம்.

ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு பணிமுகப்பு உள்ளதெனக் கொள்வோம். வருவோர் முன்னறிய இயலாத வகையில் வருகின்றனர். ஒருவருக்கு ஆகும் பணி நேரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதன் சராசரி 6 நிமிடம். அலுவலரின் நேரத்தில் 80 விழுக்காடு பணியில் கழியுமாறு வருகை அமைந்தால், ஒருவர் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 24 நிமிடம். அவ்விகிதம் 90 விழுக்காடானால் அது 54 நிமிடம். 95 விழுக்காடானால் 114 நிமிடம். அலுவலரின் ஓய்ந்த நேரம் சிறிது சிறிதாகக் குறையக் குறைய, வரிசையின் நீளம் பன்மடங்காகப் பெருகுகிறது. இவை நீண்டகாலச் சராசரிகள் என்பதை மனங்கொள்ள வேண்டும்.

இதனை எட்டு மணி நேரப் பணிக்கு விரித்துக் காண்க. 80 விழுக்காட்டு நிலையில் அலுவலர் 96 நிமிடம் வாளா இருக்கிறார். 95 விழுக்காட்டு நிலையில் 24 நிமிடமே அவ்வாறு இருக்கிறார். நிறுவனம் மிச்சப்படுத்தியது 72 நிமிடம். முன்னைய நிலையில் 64 பேரும் பின்னைய நிலையில் 76 பேரும் பணி பெறுகின்றனர். பன்னிருவர் கூடுதலாகப் பயன்பெற்றனர் என்பது மெய்யே. ஆனால் வரிசையில் நின்றோர் அனைவரும் இழந்த காலத்தைக் கூட்டினால், முன்னது ஏறத்தாழ 25½ மணி. பின்னது 144 மணிக்கும் மேல். ஓர் அலுவலரின் 72 நிமிடத்திற்காகப் பொதுமக்கள் 118 மணிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துள்ளனர்.

அலுவலர் வாளா இருந்த நேரம் ஊதியக் கணக்கில் செலவாகத் தோன்றும். தணிக்கையாளர் கண்ணில் படும். விரயம் எனப் பெயர் பெறும். வரிசையில் நின்றோரின் காலம் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. அன்றாடக் கூலியை விட்டுவந்த ஒருவர் அன்றைய வருவாயை முழுமையாக இழந்தாலும், அவ்விழப்பு நிறுவனத்தின் செலவாகாது. எனவே விரயம் நீக்கப்பட்டது என்று அறிக்கை கூறும்போது, உண்மையில் நிகழ்ந்தது விரயத்தின் இடமாற்றமே. கணக்கேட்டின் உள்ளிருந்து வெளியே அது தள்ளப்பட்டது. கணக்கேட்டின் எல்லையை எங்கே வரைவது என்பதே இங்குள்ள அறவினா.

காத்திருப்புக்கு விலை வைக்கும் பாடநூல்களும் உள்ளன. அவற்றில் ஒரு மணி நேரக் காத்திருப்பின் செலவு ஓர் எண்ணாகத் தரப்பட்டிருக்கும். அவ்வெண்ணை ஒருவரது வருவாயைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் பொருளியலில் உண்டு. அவ்வாறு மதிப்பிட்டால் செல்வரின் ஒரு மணி வறியவரின் பல நாட்களுக்கு ஈடாகும். வறியவர் கூடும் இடத்தில் வரிசை நீளமாக இருப்பதே சிக்கனம் என்னும் முடிவுக்கு அக்கணக்கு இட்டுச் செல்லும். பிழையற்ற பெருக்கல் முறையற்ற தீர்ப்பைத் தருவதற்கு இது தக்க சான்றாகும்.

நிறுத்தும் உரிமை

விரயம் என்னும் கருத்தாக்கத்தைத் துல்லியமாக வகுத்தவர் டொயோட்டா நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ ஆவார். மிகையுற்பத்தி, காத்திருத்தல், இடம்பெயர்த்தல், தேவையற்ற செய்முறை, மிகையிருப்பு, வீணான அசைவு, பழுது என அவர் வகுத்த ஏழும் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. இவ்வெழுவகை விரயத்தை மனப்பாடம் செய்யும் மாணவர் அவ்வமைப்பின் மற்றொரு தூணினைப் பெரும்பாலும் மேலோட்டமாகவே கடந்து செல்கின்றனர்.

டொயோட்டா குடும்பத்தின் முன்னோடியான சகிச்சி டொயோடா நெசவுத்தறி வடிவமைப்பாளர். நூலிழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை அவர் உருவாக்கினார். அக்கருத்தே பின்னர் மகிழுந்து ஆலையில் ‘அண்டோன்’ எனப்படும் அறிவிப்பு முறையாக விரிந்தது. பழுதினைக் காணும் தொழிலாளி கயிற்றினை இழுத்து அறிவிக்கலாம். உரிய நேரத்தில் அது தீராவிடில் தொகுப்பு வரிசை நிற்கும். செய்பவர் சிந்திக்க வேண்டியதில்லை என்ற டெய்லரின் பிரிவினை இங்கு ஓரளவு தளர்கிறது. வரிசையின் ஓட்டத்தைத் தடுக்கும் உரிமை அதன் அருகில் நிற்பவரிடம் தரப்படுகிறது.

ஆயினும் இதனை இலட்சிய நிலை என்று கொள்வதற்கில்லை. ஜப்பானிய இதழாளர் சதோசி கமாதா 1972இல் டொயோட்டா ஆலையில் பருவகாலத் தொழிலாளியாகப் பணியாற்றி, அங்கு நிலவிய வேகத்தையும் களைப்பையும் நூலாக எழுதினார். பழுதுக்காக வரிசையை நிறுத்தலாம். உடற்களைப்புக்காக நிறுத்த முடியுமா என்னும் வினாவை அந்நூல் எழுப்புகிறது. பொருளின் பழுது விரயமாகக் கருதப்பட்டது. உடலின் தேய்வு அவ்வேழனுள் இடம்பெறவில்லை.

இந்திய நடைமுறையில் இதற்கு இணையான ஒன்றைத் துணிக்கடைகளில் காணலாம். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் விற்பனைப் பணியாளர் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது பல கடைகளில் வழக்கமாக இருந்தது. கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர் தொடங்கிய ‘அமரும் உரிமை’ப் போராட்டத்தின் பயனாக, கேரள அரசு 2018இல் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அத்தகைய திருத்தத்தை நிறைவேற்றியது. ஓர் இருக்கையின் விலை மிகச் சிறிது. அமர்ந்திருத்தல் சோம்பலின் அடையாளம், ஆகவே விரயம் என்னும் தீர்ப்பே அவ்விருக்கையை அதுவரை அகற்றி வைத்திருந்தது.

இருப்பு: தேக்கமும் சேமமும்

ஓனோவின் பட்டியலில் மிகையிருப்பும் விரயமே. தேவைப்படும் பொருள் தேவைப்படும் கணத்தில் வந்தால் போதும் என்னும் கோட்பாடு போருக்குப் பிந்தைய ஜப்பானின் முதலீட்டுப் பற்றாக்குறையில் பிறந்து, பின்னர் உலகப் பொதுவிதியாயிற்று. 1997 பிப்ரவரியில் டொயோட்டாவுக்குத் தடைக் கருவியின் அடைப்பான்களை வழங்கிவந்த ஐசின் ஆலை தீக்கிரையானது. கையிருப்பு சில மணி நேரத்திற்கே போதுமானதாக இருந்தமையால் டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. பிற வழங்குநர்கள் ஒன்றுகூடி அவ்வுறுப்பைச் செய்து தந்ததால் சில நாட்களில் நிலைமை சீரடைந்தது. அங்கு இழப்பு மகிழுந்துகளின் எண்ணிக்கையளவே.

உயிர் காக்கும் பொருளில் அக்கோட்பாடு வேறு முகம் காட்டுகிறது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் இந்தியா கண்ட ஆக்சிஜன் தட்டுப்பாடு உற்பத்திக் குறைவினால் மட்டும் நேர்ந்ததன்று. உற்பத்தி பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களின் எஃகு ஆலைகளை ஒட்டி இருந்தது. தேவை டில்லி முதலிய தொலைநகரங்களில் எழுந்தது. இடையே கொண்டுசெல்லும் ஊர்திகளும் மருத்துவமனைகளில் சேமிப்புக் கலன்களும் போதவில்லை. இருப்புப்பாதைத் துறை தனித் தொடர்வண்டிகளை இயக்க நேர்ந்தது. இயல்பான நாட்களில் வெறுமனே நிற்கும் ஊர்தியும் நிரம்பியே இருக்கும் கலனும் கணக்கேட்டில் விரயமாகவே தோன்றியிருக்கும்.

இதற்கு மறுதலையான சான்று உணவுத்துறையில் உள்ளது. 1965இல் நிறுவப்பெற்ற இந்திய உணவுக் கழகம் வைத்திருக்கும் தானிய இருப்பு, சேமிப்புச் செலவு மிகுந்ததெனவும் அளவுக்கு மீறியதெனவும் நெடுங்காலம் திறனாய்வுக்கு உள்ளாயிற்று. அத்திறனாய்வில் உண்மையில்லை என்று கூறவியலாது. திறந்தவெளியில் நனைந்து கெட்ட தானியம் விரயமே. ஆயினும் 2020இல் ஊரடங்கால் கோடிக்கணக்கானோர் வருவாய் இழந்தபோது, ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் கட்டணமின்றி வழங்க அரசுக்கு இயன்றது அவ்விருப்பினால்தான். ‘தேக்கம்’ என்றும் ‘சேமம்’ என்றும் தமிழில் இரு சொற்கள் உண்டு. குவிந்த பொருள் ஒன்றே. அது எவருடைய இடருக்காகக் காத்திருக்கிறது என்பதே அதன் பெயரைத் தீர்மானிக்கிறது.

மதுரைச் சான்று

மேற்கூறியவற்றால் செயல்திறன் அறத்திற்குப் பகை என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். இதற்கு மறுப்பாக அமைவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 58ஆம் அகவையில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தோர் எண்ணிக்கை பெரிது. அறுவை மருத்துவர் எண்ணிக்கை சிறிது. இந்நிலையில் மருத்துவரின் நேரமே மிக அரிய வளம் என்று அவர் கண்டார். ஒரு மேசையில் அறுவை நடைபெறும்போதே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தப்படுத்தப்படுகிறார். அறுவையல்லாத பணிகளைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் செய்கின்றனர். அமெரிக்க விரைவுணவு நிறுவனத்தின் சீர்மையிலிருந்து தாம் ஊக்கம் பெற்றதாக அவரே கூறியுள்ளார். 1992இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் உள்விழி வில்லைகளை உள்நாட்டிலேயே செய்து விலையைப் பெரிதும் குறைத்தது. இம்மருத்துவமனை ஆர்வர்டு வணிகப்பள்ளியில் 1993 முதல் பாடமாகவும் அமைந்தது.

டெய்லரும் வெங்கடசாமியும் கையாண்ட நுட்பங்கள் பெரிதும் வேறுபட்டவை அல்ல. பணியைப் பகுத்தல், அசைவைக் குறைத்தல், அரிய வளத்தை ஓய்ந்திருக்க விடாமை ஆகியன இரண்டிலும் உள்ளன. வேறுபாடு மிச்சம் சென்று சேரும் இடத்தில் உள்ளது. கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயும், நுட்பத்தால் மிஞ்சும் காலமும் கட்டணம் செலுத்த இயலாதோரின் பார்வையாக மாறின. எனினும் இங்கும் வினா முற்றுப்பெறவில்லை. ஒரே பணியை நாள்தோறும் மீண்டும் மீண்டும் செய்யும் உதவியாளருக்கு அம்மிச்சத்தில் உரிய பங்கும், வேகத்தைப் பற்றிய சொல்லுரிமையும் உண்டா என்பது எத்துணை உயர்ந்த நோக்கமுடைய நிறுவனத்திடமும் கேட்கத்தக்கதே. நோக்கத்தின் உயர்வு வகையின் பிழையைத் தானாகவே நீக்கிவிடாது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வளம் குறைந்த நாட்டில் செயல்திறனே அறம். அதனை ஐயுறுவது வறியவருக்கே தீங்கு என்பது. இதன் முற்பகுதி ஏற்கத்தக்கது. ஒரே செலவில் பலருக்குப் பயன்தரக்கூடிய வழியிருக்கச் சிலருக்கே பயன்தருதல் அறமாகாது. ஆனால் முன்னர்க் கண்ட வரிசைக் கணக்கில், நாட்டின் மொத்தக் காலத்தை நோக்கின் 95 விழுக்காட்டு நிலையே பெருவிரயமாக அமையக் கூடும். மெய்யான செயல்திறனை வேண்டுவோர் கணக்கின் எல்லையை விரிக்கவே விரும்புவர். மேலும், வருகைக்கு நேரம் குறித்துத் தருதல், தனித்தனி வரிசைகளை ஒன்றாக்கிப் பல முகப்புகளுக்கும் பொதுவாக்குதல் போன்ற வழிகளால் ஆள் கூட்டாமலும் காத்திருப்பைக் குறைக்கலாம் என்பதையும் இத்துறையே கற்பிக்கிறது.

இரண்டாவது, காத்திருக்க விரும்பாதோர் வேறிடம் செல்வர். எனவே சந்தையே பிழையைத் திருத்தும் என்பது. ஆல்பர்ட் இர்சுமன் 1970இல் வெளியிட்ட நூலில் விலகிச் செல்லுதல், குரலெழுப்புதல் என்னும் இருவழிகளை வேறுபடுத்திக் காட்டினார். விலகிச் செல்ல இயல்வோருக்கே சந்தையின் திருத்தம் பயன்படும். அரசு மருத்துவமனையையும் நியாயவிலைக் கடையையும் நாடுவோருக்கு வேறிடம் இல்லை. அவர்களுடைய காலம் விலையற்றதாகக் கருதப்படுவதற்கு அதுவே காரணமாகிறது.

மூன்றாவது, இவை சட்டம் செய்வோர் கருத வேண்டியவை. மேலாளருடையன அல்ல என்பது. சட்டம் பிழை நேர்ந்த பின்னரே வருகிறது. இருக்கை அகற்றப்பட்டது கடையை வடிவமைத்தவர் மேசையில். சட்டம் வந்தது பல ஆண்டுகள் கழித்து. செயலிவழிப் பணியாளர் நலனுக்காக இராசத்தான் 2023இல் சட்டம் இயற்றியபோது, அத்தொழில்முறை நாடெங்கும் பரவி வேரூன்றியிருந்தது. வடிவமைப்பவரிடம் எழாத வினாவைச் சட்டத்தால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

கற்பித்தலுக்குரிய மூன்று வினாக்கள்

இப்பாடத்தில் அறவியலுக்குத் தனித்தாள் ஒன்றைச் சேர்ப்பதால் இக்குறை நீங்காது. தனியே வைக்கப்படும் அறம் தேர்வுக்குப் பின் மறக்கப்படும். கணக்கினைச் செய்யும்போதே எழ வேண்டிய வினாக்களாக அவை அமைதல் வேண்டும். மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று வினாக்களை வகுக்கலாம். இக்கணக்கில் யாருடைய காலம் எழுதப்படவில்லை என்பது முதல் வினா. வரிசைக் கணக்கு இதனைக் கற்பிக்கும். தவறு நேரும்போது நிறுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பது இரண்டாம் வினா. அண்டோன் கயிறும் துணிக்கடை இருக்கையும் இதற்குச் சான்று. விரயம் நீங்கியதால் விளைந்த மிச்சம் யாரைச் சேர்கிறது என்பது மூன்றாம் வினா. பெத்லகேமும் மதுரையும் இதன் இருவேறு விடைகள்.

இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் எண்ணால் விடையளிக்கத்தக்கவை என்பது நோக்கத்தக்கது. பணிமுகப்புக் கணக்கைத் தீர்க்கும் மாணவர் அலுவலரின் பயன்பாட்டு விகிதத்தை எழுதும் அதே தாளில், வரிசையில் நிற்போர் இழக்கும் மொத்த மணிகளையும் எழுதுமாறு பணிக்கப்படலாம். அதற்கு வேண்டிய கணிதம் கூடுதலானதன்று. 1961இல் ஜான் லிட்டில் மெய்ப்பித்த எளிய விதியே போதும்: வருகை வீதத்தையும் ஒருவர் செலவிடும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் உள்ளே இருப்போர் எண்ணிக்கை கிடைக்கும். அவ்விதி பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ளது.

முடிவுரை

விரயம் என்பது பொருளில் கிடக்கும் இயற்பண்பன்று. ஒருவரது நிலையிலிருந்து நோக்கித் தரப்படும் பெயர். அலுவலரின் ஓய்வு, பணியாளரின் இருக்கை, கிடங்கின் தானியம், மருத்துவமனையின் நிரம்பிய கலன் ஆகிய அனைத்தும் ஒரு நோக்கில் விரயமாகவும் மற்றொரு நோக்கில் பிறர்க்கான இடமாகவும் அமைவதை இவ்வாய்வு காட்டியுள்ளது. ஆகவே விரயத்தை வரையறுப்போர் யாருடைய நிலையில் நின்று அதனைச் செய்கின்றனர் என்பதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவராவர். எந்த விகிதம் சரியானது என்பது இடத்திற்கு இடம் மாறலாம். தீப்பணி நிலையத்தின் ஊர்தி பெரும்பாலும் நின்றிருத்தலே முறை; அறுவை மருத்துவரின் கை இயன்றவரை பயன்படுதலே முறை. ஆனால் அவ்விகிதத்தால் சுமை ஏற்போர் கணக்கில் இடம்பெறுதலும், அவர்தம் குரல் கேட்கப்படுதலும் எங்கும் மாறாத் தேவைகள்.

வினைத்தூய்மையை வினைசெயல்வகைக்கு முன் வைத்த மரபினை அறிந்தோர்க்கு இம்முடிவு புதியதன்று. ஆயின் தூய்மையை முன்னரே ஆராய்ந்து முடித்துவிட்டு, வகையை அதன்பின் தடையின்றிக் கையாளலாம் என்னும் எண்ணம் இன்றைய நிறுவனங்களுக்குப் போதாது. வகையின் ஒவ்வோர் எண்ணிலும் எவரோ ஒருவருடைய நாள் அடங்கியுள்ளது. அதனைக் காணும் பயிற்சியும் வாய்பாட்டுப் பயிற்சியும் ஒருங்கே அளிக்கப்படும்போதே செயல்பாட்டு மேலாண்மைக் கல்வி நிறைவுறும்.